அம்மா கொடுத்த கை

என் அப்பா ஒரு பிரான்மசோன். சின்ன வயதில் இதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அப்படியென்றால் கொத்தனார்தானே என்று கன்னியாஸ்திரி கேட்டார். இல்லை, துறைமுகத்தில் குமாஸ்தா என்றேன். அவருக்கு முகம் கறுத்துப்போனது. அன்றிலிருந்து எனக்கு எந்தப் படிப்புப் பரிசும் வந்ததில்லை.

அப்பாவுக்குச் செங்கல் வைக்கத் தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை ஆண்ட நாளில் அவர் கான் ஹொய் துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தா. காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பிரான்மசோன் என்பது பழைய காலத்துக் கொத்தனார் சங்கத்தைப்போல வேஷம் கட்டிக்கொண்ட ரகசியக் கூட்டம். வட்டம் போடும் கவராயமும் கோணம் பார்க்கும் மூலைமட்டமும் அவர்களுக்குச் சின்னம். கூடுமிடத்துக்கு லோஜ் என்று பேர். உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்வார்கள். கத்தோலிக்கக் கோயிலுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. அதில் சேர்ந்தவனுக்கு நன்மை என்கிற நற்கருணை கிடையாது, சாகும்போது எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் கிடையாது, அடக்கப் பூசையும் கிடையாது.

எல்லாம் தெரிந்துதான் அப்பா சேர்ந்தார். "அங்க தொரையும் நானும் ஒரே பெஞ்சுல உக்காருவோம். அவன் என்னைச் சகோதரன்னு கூப்புடுவான், தெரியுமா?" என்பார். கூப்பிட்டிருப்பான், யார் இல்லை என்றார்கள். கூட்டம் கலைந்து தெருவுக்கு வந்ததும் அந்தத் துரை அப்பாவைக் காணாததுபோலக் காரில் ஏறிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அப்பா அதைக் கவனிக்காததுபோலச் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். 

லோஜில் இடுப்புக்கு முன்னால் கட்டிக்கொள்ள அவருக்கு ஒரு வெள்ளை ஆட்டுத்தோல் இருந்தது. அதில் தங்க இழையில் கவராயம், மூலைமட்டம், முக்கோணத்துக்குள் ஒரு கண். சைகோன் மழைக்கு எதுவும் பூசணம் பிடிக்காமல் இராது. மழைக்காலம் முழுக்க அம்மாதான் அந்தத் தோலை எடுத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவித் துடைத்து, மறுபடி துணியில் சுற்றி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போகிற கை அது. சாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் பயப்படுவேன். "புருஷன் துணியத் தொவைக்கிறது பாவமாடி?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவாள்.

மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாத சத்தியத்தை அப்பா ஒரே ஒரு விஷயத்தில் மீறினார். லோஜ்காரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணக் கைகுலுக்கும் விதத்தை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். கைகுலுக்கும்போது கட்டைவிரலை எதிராளியின் விரல்முட்டியில் ஒரு தினுசாக அழுத்த வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அம்மாவின் கையை அப்படிப் பிடித்து அழுத்திவிட்டுப் போவார். மற்ற வீடுகளில் புருஷன்மார் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டுகூடப் போவதில்லை. எங்கள் வீட்டில் இது நடந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன கொஞ்ச நாளில் அப்பாவுக்கு ஈரல் கெட்டது. பங்குச் சாமியார் வந்து கட்டிலருகில் நின்றார். "அந்தத் தோலை என் கையில குடுத்துடு. விட்டுட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. எல்லாம் பண்ணிவைக்கிறேன்" என்றார். அப்பா, "சத்தியம் பண்ணிட்டேன் சாமி" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கூடவே உட்கார்ந்த சகோதரத் துரைகள் எல்லாரும் அதற்குள் பிரான்சில் மார்சேய் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் செய்த சத்தியத்துக்காக இந்த மனுஷர் மணி அடிக்காமல், பூசை இல்லாமல், மந்திரிக்காத மண்ணில் போய்ப் படுத்தார். அடக்கத்துக்கு மறுநாள் சாமியார் அம்மாவிடம், உன் புருஷன் ஆத்துமத்துக்காக நீ இனி வேண்டிக்கொள்வதில் பிரயோசனம் இல்லை என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது சும்மா சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வேறு கவலையே இல்லை. அரிசி விலை, குண்டுவெடிப்பு, ஊரடங்கு எல்லாம் அப்புறம்தான். "நான் ஒழுங்கா செத்தா மோட்சத்துக்குப் போவேன், அங்க அவரு இருக்க மாட்டாரு. கெட்டுச் செத்தாத்தான் அவரப் பாக்கலாம். என்னடி நாயம் இது?" என்று என்னிடம் கேட்பாள்.  எனக்குச் சாமி நம்பிக்கை அப்பாவோடு புதைந்துவிட்டது. நான் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டு, அம்மாவுடன் அதே கான் ஹொய் சந்து வீட்டில் இருந்தேன்.

அமெரிக்கப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு அந்த இரண்டு அமெரிக்கப் பையன்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, ஆளுக்கொரு சைக்கிள். வேத ஊழியம் செய்ய வந்த மோர்மன்கள். அப்போது சைகோனில் அந்தப் பேரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஒருவனுக்குச் செம்பட்டை முடி, பேசுவதெல்லாம் அவன்தான். இன்னொருவன் வியர்த்து வழிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். செம்பட்டைப் பையனின் வியட்நாமியத்தைக் கேட்டால் சந்துப் பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். துப்பாக்கி இல்லாத அமெரிக்கன் என்பதே அம்மாவுக்கு வேடிக்கை. உட்காரச் சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்தாள்.

அவன் அவர்கள் மதம் உண்டான கதையைச் சொன்னான். நூறு வருஷங்களுக்கும் முன்னால் அமெரிக்காவில் ஒரு குடியானவ வாலிபனுக்குச் சம்மனசு, அதாவது தேவதூதன், தோன்றி, ஒரு மலைச்சரிவில் கல்லுக்கடியில் தங்கத் தகடுகள் இருப்பதைக் காட்டியதாம். தகட்டில் எழுதியிருந்ததுதான் அவர்களுடைய வேதமாம். விசிறிக்கொண்டிருந்த அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"இது உங்கப்பா சொன்ன கதைடி!"

உண்மைதான். பிரளயம் வரப்போவது தெரிந்து, ஏனோக் என்கிற ஆதிகாலத்துப் பிதா பூமிக்கடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது நிலவறை கட்டி, கடவுளின் பேரைப் பொறித்த தங்கத் தகட்டை அடி அறையில் ஒளித்துவைத்தான் என்று லோஜில் ஒரு கதை உண்டு. அது ரகசியத்தில் சேராது என்று அப்பா அதை எனக்குச் சோறு ஊட்டும்போது சொல்லியிருக்கிறார். தங்கத்தைப் புதைத்துவைத்த கதை எந்த ஊரில் இல்லை என்று அம்மாவை அடக்கினேன்.

அடுத்த முறை அவன் படம் கொண்டுவந்தான். அவர்கள் ஊரில் இருக்கும் பெரிய கருங்கல் ஆலயம். சுவரில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் செதுக்கியிருந்தது. ஒன்றையொன்று பற்றிய இரண்டு கைகள். மேலே ஒரு கண். அம்மா எழுந்து உள்ளே போனாள். ஆட்டுத்தோலை எடுத்து வந்து படத்துக்குப் பக்கத்தில் விரித்தாள். "பாருங்க, அதே கண்ணுதானே?" என்று அவனிடம் கேட்டாள். அவன் பார்த்தான். கண் எல்லா மதத்துக்கும் பொதுதான் என்று மெதுவாகச் சொன்னான். மசோன் என்ற சொல்லே அவனுக்கு அவ்வளவாகப் பரிச்சயமில்லை என்று எனக்குத் தோன்றியது.

நான் சும்மா இருப்பேனா? அவன் கொடுத்த வேதத்தை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்துவிட்டேன். அதில் ரகசியச் சத்தியமும் சைகையும் வைத்துக்கொண்டு ஊரைக் கெடுக்கும் கொள்ளைக் கூட்டத்தைப் பக்கம் பக்கமாகச் சபித்திருந்தது. "உங்க வேதம் ரகசியச் சங்கத்தை இந்தத் திட்டுத் திட்டுது. உங்க கோயில் சுவத்துல அந்தச் சங்கத்துச் சின்னமே இருக்கு. இது என்ன கூத்து?" என்று கேட்டேன். அவனுக்குக் காதுமடல் சிவந்தது. தெரியாது, பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "வந்த புள்ளையப் போட்டு ஏண்டி கொடையற?"

அம்மாவை அசைத்தது கண்ணோ தகடோ அல்ல. செத்தவர்களுக்கும் வழி உண்டு என்று அவன் சொன்னது. உயிரோடு இருக்கும் ஒருவர் செத்துப்போனவரின் பேரால் ஞானஸ்நானம் வாங்கலாமாம். புருஷன் பெண்டாட்டியை மறுமைக்கும் சேர்த்துக் கட்டிவைக்கிற சடங்கும் இருக்கிறதாம். ஆனால் எல்லாம் அவர்களுடைய ஆலயத்துக்குள்தான் நடக்கும். கிட்டத்தில் இருக்கும் ஆலயமே நடுக்கடல் தீவொன்றில் இருந்தது.

"கோயில்ல சேக்காத ஆளுக்குக்கூடச் செய்வீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"யாருக்கும் செய்வோம்" என்றான்.

 இருபது வருஷமாக யாரும் அவளுக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கு அவர்கள் கிளம்பும்போதுதான் அம்மா அதைச் செய்தாள். வாசலில் செம்பட்டைப் பையன் கையை நீட்டினான். அம்மா அந்தக் கையைப் பிடித்து, அப்பா பிடிப்பதுபோலவே, கட்டைவிரலை அவன் விரல்முட்டியில் வைத்து அழுத்தினாள். தங்கத் தகடு தெரிந்தவன், கண் தெரிந்தவன், இது தெரியாமலா இருப்பான் என்று அவளுக்கு எண்ணம். சைகோனில் எத்தனையோ மோர்மன்கள் எத்தனையோ வீட்டுப்படி ஏறியிருப்பார்கள். லோஜ் பிடியில் கைகொடுத்த முக்காட்டுக் கிழவி இவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

பையன் நெருப்பைத் தொட்டவன்போலக் கையை உருவிக்கொண்டான். "இது உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்றான். 

"என் வூட்டுக்காரரு" என்றாள் அம்மா.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சந்துமுனைவரை நடந்து போனான். அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "தெரிஞ்சிருக்குடி அவனுக்கு! பாத்தியா மொகத்த? இவங்க உங்கப்பா ஆளுங்கதான். உங்கப்பா சங்கத்துல சாமி பேரு மட்டும் இருந்துச்சு. இவங்ககிட்ட சாமியே இருக்காரு."

அவள் அவர்களிடம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். ஒரு வாடகை பங்களாவின் பின்கட்டில், தொட்டித் தண்ணீரில் முழுக்காட்டினார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக ஆகப்போகிறது என்று நான் முணுமுணுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "போடி. புருஷனை நம்பி அரசனைக் கைவிட்டுட்டேன், அவ்வளவுதான்" என்றாள். பங்குச் சாமியார் மேடையிலிருந்தே அவளைக் கண்டித்தார். அவள் அதோடு பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

செம்பட்டைப் பையன் பிறகும் வந்துகொண்டிருந்தான். கைகுலுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவான். ஒரு நாள் அப்பாவின் பேரும் பிறந்த ஊரும் கேட்டுக்கொண்டான். "என் ஊழியக்காலம் முடிஞ்சதும் ஆலயத்துக்குப் போவேன். உங்க வீட்டுக்காரருக்காக நானே தண்ணியில இறங்குவேன். உங்களையும் அவரையும் சேத்துக் கட்டுற சடங்கு, நீங்க அங்க வர முடியாததால, உங்க காலத்துக்கு அப்புறம்தான் நடக்கும்னாலும், அதையும் நான் பாத்து முடிப்பேன்" என்றான். அம்மா அவன் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டாள். பழக்கம் விடுமா? அவனும் குனிந்து வாங்கிக்கொண்டான்.

வடக்குப் பட்டாளம் நெருங்கிய அந்த ஏப்ரலில், ஒரு காலையில் அமெரிக்கப் பையன்கள் எல்லாரையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. பாலத்தில் வண்டியும் மூட்டையும் ஜனமும் நெரிந்தது. தூதரக வாசலில் ஒருவர்மேல் ஒருவர் ஏறினார்கள். ஊரே அழுதது. என் அம்மா ஒருத்திதான் சந்தோஷமாக இருந்தாள்.

"போய்ட்டானா? நல்லதாப் போச்சு. சீக்கிரமே போய்ட்டான், சீக்கிரமே முடிச்சுடுவான்."

பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் நாங்களும் கிளம்பியிருக்கலாம். தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பாரீசுக்கோ புதுச்சேரிக்கோ போய்விட்டன. அம்மா அப்பாவின் கல்லறையை விட்டு வரமாட்டேன் என்றாள். சில வருஷம் கழித்து அரசாங்கம் அந்தக் கல்லறைத் தோட்டத்தையே இடித்து நிரவியது. எலும்பு எடுக்க வரச்சொன்ன செய்தி எங்களுக்குக் கிடைப்பதற்குள் மண் தள்ளியாகிவிட்டது. நான் அங்கே நின்று வாயில் வந்தபடி திட்டினேன். அம்மா திட்டவில்லை. "எலும்புதானே. அவரத்தான் அந்தப் புள்ள எப்பவோ கரையேத்திட்டிருப்பானே" என்றாள். கூப்பன் அரிசியில் கல் பொறுக்கும்போதும் அவள் முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மருந்து இல்லை, இருந்த மருந்துக்கு வலி அடங்கவில்லை. புதுப் பங்குச் சாமியார் வியட்நாமியர், இளைத்த மனுஷர், நல்லவர். நான் கூப்பிடாமலே ஒரு மத்தியானம் பரிசுத்த எண்ணெயோடு வந்தார். அமெரிக்கர்களிடம் வாங்கிய ஞானஸ்நானத்தை விட்டுவிட்டதாக ஒரு வார்த்தை போதும் என்றார். அம்மா பேசவில்லை. "பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்" என்றார். சாமி இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போடுகிற நான், அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "ஆட்டும்மா. ஆட்டிடும்மா. உனக்கு என்ன நஷ்டம்?"

அம்மா தலையை அசைக்கவே இல்லை. சாமியாரைப் பார்த்து, "அவரு இருக்கிற எடத்துக்கு எனக்கு வழி ஆயிடுச்சு சாமி. உங்க வழியில வந்தா வேற எடத்துக்குப் போயிடுவேன்" என்றாள். அவர் எண்ணெய்ச் சிமிழை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார். இரண்டு நாளில் அவள் செத்தாள். மணி அடிக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சீனர்கள் உதவ, ஒரு ஜெபமும் இல்லாமல் எரித்துவிட்டு வந்தேன். ஜெபம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்கும். எந்த மதத்து ஜெபத்தைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அமெரிக்கர்கள் மறுபடி ஊருக்குள் வர ஆரம்பித்தபோது, ஒரு நாள் வாசலில் ஒருவர் நின்றார். செம்பட்டை முடி பாதி கொட்டிப் பாதி நரைத்திருந்தது. வியட்நாமியம் மட்டும் அதே லட்சணம். உட்கார்ந்ததும் அம்மாவைக் கேட்டார். செத்துப் பல வருஷம் ஆகிறது என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கைகுலுக்கல்," என்று ஆரம்பித்தார். ஊழியத்துக்குக் கிளம்பும் முன்பே ஆலயத்துக்குள் மிகவும் பரிசுத்தமாக அவருக்குக் கற்றுக்கொடுத்ததற்கும் அம்மா கொடுத்த கைக்கும் வித்தியாசம் சொல்ல முடியாமல் போனதாம். அதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்ததால், அதைப்பற்றி யாரிடமும் கேட்கவும் முடியவில்லையாம். ஊருக்குப் போய்ப் பொதுப்படையாக ஒரு பெரியவரைக் கேட்டிருக்கிறார். சாலமோன் ராஜாவின் கோயிலில் இருந்த சடங்கு மசோன்களிடம் சிதைந்து கிடந்தது, நமக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்தது என்றாராம் அவர். இவர் விடாமல் நூலகத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறார். மசோன் சடங்கு சாலமோன் காலத்தது இல்லை, சில நூறு வருஷத்துச் சரக்கு என்று கண்டிருக்கிறார். அவர்கள் மதத்தை உண்டாக்கியவர் தாமே லோஜில் சேர்ந்து, சில வாரங்களிலேயே ஆலயச் சடங்கை ஏற்படுத்தினார் என்றும் கண்டிருக்கிறார். ரகசியக் கூட்டத்தைச் சபிக்கிற வேதப் பகுதியைக்கூட, அந்தக் காலத்து அமெரிக்காவில் மசோன்களைத் திட்டிய பேச்சின் எதிரொலி என்று சிலர் எழுதியிருந்தார்களாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. நம்பிக்கை போயிற்று, அதோடு மனைவியும், அப்பா அம்மாவும் அவரை விட்டு விலகிப் போனார்கள்.

"எங்கப்பாவுக்குச் செஞ்சீங்களா?" என்றேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"தீவு ஆலயத்து வாசல்வரைக்கும் போனேன். உள்ள போகல. நம்பாம செஞ்சா அது உங்க அம்மாவை ஏமாத்துறதா ஆகும்னு நெனச்சேன்."

எனக்குத் தலைக்கு ஏறியது. "நம்புனா என்ன, நம்பாட்டா என்னய்யா? பூசை வைக்கிற சாமியாரெல்லாம் நம்பித்தான் வைக்கிறாரா? தண்ணியில ஒரு முழுக்குப் போட்டா கரைஞ்சா போயிருப்பே? உன் மனசாட்சியக் கழுவ எங்கம்மாதான் கெடச்சாளா?" எல்லாம் தமிழில்தான் வந்தது. அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனாலும் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

 சந்தில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசியில சாமியார் வந்தாரா? அவங்க பழைய மதத்துப்படி எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?"

எந்தப் பதிலை வேண்டி அவர் அதைக் கேட்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எழுந்து நிம்மதியாகப் போய்விடுவார். எனக்கும் காசா பணமா? நல்ல மனுஷர்தான், இருந்ததையெல்லாம் இழந்துவிட்டு வந்திருக்கிறார். பொய் சொல்லத் தெரியாதவளும் இல்லை நான்.

"சாமியார் வந்தாரு" என்றேன், அவருக்குப் புரியும்படி வியட்நாமியத்தில், மெதுவாக. "அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க செஞ்சு முடிச்சிருப்பீங்கன்னு."